லொக் போடாத கொட்டில்

ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சுதாஜினிக்கு வாய் நீளம் என்று. உண்மைதான். இந்தக் காட்டுக்குள் வாயும் இல்லாவிட்டால் மனுசர் என்னத்தைக் கொண்டு சீவிக்கிறது? மதகு உடைந்து இரண்டு மாரி போய்விட்டது. கட்டித் தருகிறோம் என்று வந்தவர்கள் எல்லாரும் உடைந்த கல்லுக்குப் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்கும் வாயால் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போனார்கள். ஆனால் கொஞ்ச நாளாக நான் ஊரோடு பிடிக்கிற சண்டை வேறு. என் மனுசன் பின்னேரங்களில் அந்தக் காட்டு ரோட்டால் தனியாக வரக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காக யார் காலிலும் விழுவேன், யாருடைய தலைமயிரையும் பிடிப்பேன்.

எங்கள் ஊர் ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே, காட்டுக்கு நடுவால் போகிற கிரவல் ரோட்டின் கடைசியில் இருக்கிறது. மதகு உடைந்த பிறகு பஸ்ஸும் வராது, ஓட்டோவும் வராது. உடைந்த இடத்தில் ஆம்பிளையள் சேர்ந்து பனங்குற்றி போட்டுப் பலகை அடித்திருக்கிறார்கள். அதில் இரண்டு சில்லு வண்டி மட்டும்தான் போகும். ஆகவே வேலைக்குப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளில் சந்திக்குப் போய், அதை அங்கே விட்டுவிட்டு, பஸ்ஸில் முல்லைத்தீவுக்கோ புதுக்குடியிருப்புக்கோ போவார்கள். பைக் விடுவதற்கென்று ஊர்க்காரரே சந்தியில் ஒரு கொட்டில் போட்டார்கள். நட்டு நிறுத்திய பாலைமரக் கப்பு, மேலே பழைய தகரம், மூன்று பக்கமும் முள்ளுக்கம்பி, முன்பக்கம் மட்டும் வாசல். பத்துப் பைக் விடுகிற இடத்தில் இருபத்தைந்து நிற்கும்.

அது எப்படி நிற்கும் என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். நிற்கும். முதலில் வருகிறவர் கடைசி மூலைக்குள் விடவேண்டும். பிறகு வருகிறவர்கள் அவருக்கு முன்னால் ஹாண்டிலோடு ஹாண்டில் கொளுவ அடுக்கிக்கொண்டு வருவார்கள். மூலைக்குள் விட்டவருக்கு இடையில் அவசரமென்றால் முன்னால் நிற்கிற மற்றவர்களின் பைக்குகளைத் தானே உருட்டி வெளியே விட்டு, தன்னுடையதை எடுத்துக்கொண்டு, மற்றவற்றைத் திரும்ப நிழலுக்குள் விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அதனால் எங்கள் கொட்டிலில் ஒருவரும் ஹாண்டில் லொக் போடுவதில்லை. கியரிலும் விடுவதில்லை. மற்றவருடைய கண்ணாடியைப் பிடித்து இழுப்பதில்லை. மழை வந்தால் சந்தியில் நிற்கிற எங்கள் ஊர் ஆள் யாராக இருந்தாலும் ஓடிப்போய் முன்வரிசை சீற்றுகளுக்கு உரப்பை போடவேண்டும். யாருடைய சில்லாவது காற்றுப் போய்க் கிடந்தால் ஹாண்டிலில் ஒரு கொப்பு முறித்துச் செருகிவிட வேண்டும். இதை ஒருவரும் எழுதி ஒட்டவில்லை. எழுதி ஒட்டினால் அது எங்களுக்கு அவமானம். வாகனத்தைப் பூட்டி வையுங்கள் என்று யாரோ ஒரு நோட்டீஸ் கொண்டுவந்து கப்பில் அடித்துவிட்டுப் போனார்கள். அந்த ஆணியில் எங்கள் ஆட்கள் ஹெல்மெற் கொளுவினார்கள்.

இன்னொன்றும் உண்டு. பின்னேர பஸ்ஸில் வந்து இறங்கினால் ஒருவர் தனியாக வெளிக்கிடக்கூடாது. சந்திக்கும் ஊருக்கும் நடுவில் கருங்காலி வளைவு என்று ஓரிடம். இருட்டுப்படுகிற நேரம் ஆனை அதில்தான் ரோட்டைக் கடந்து குளத்துக்கு இறங்கும். ஆகவே எல்லாரும் பைக்கை ஸ்டார்ட் பண்ணி ரோட்டில் நிறுத்தி, கடைசி ஆளும் வந்த பிறகுதான் முதலாவது ஆள் அசைவார். இருபத்தைந்து லைற்றும் சத்தமும் ஒன்றாகப் போனால் எந்த ஆனையும் ஒதுங்கும். ஒற்றை லைற்றைக் கண்டால்தான் அதற்கு விசர். போன வருசம் தனியாகப் போன ஒரு மீன்காரனை நெளிந்த பெட்டியோடும் நசிந்த பைக்கோடும்தான் எடுத்தார்கள்.

இப்படி ஒரு ஊர். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கொட்டிலை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மாசி மாதம் வரைக்கும்.

மாசியில் என் மனுசன் தயாபரன் வவுனியாவில் ஒரு மாடிக்கட்டட வேலைக்குப் போய் இரண்டு கிழமை நின்றார். மேசன் வேலை. பைக்கையும் கொண்டு போயிருந்தார். அங்கே ரோட்டோரத்தில்தான் விடவேண்டும். லொக் போடாமல் விட்டால் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கமுதல் பைக் வேறு ஊரில் நிற்கும். இறங்கினால் ஹாண்டிலை இடப்பக்கம் முறித்துப் பூட்டுக்குள் திறப்பைத் திருப்பு என்று இரண்டு கிழமையில் அவருடைய கை பழகிவிட்டது. வந்த அடுத்த நாள் முல்லைத்தீவில் வேலை. விடியப் பிந்தி வெளிக்கிட்டவர், பஸ் ஹோர்ண் அடிக்கிற நேரம் கொட்டிலுக்குள் பைக்கை விட்டுவிட்டு ஓடிப்போய் ஏறினார். எல்லாருக்கும் பிந்தி வந்ததால் அவருடையதுதான் வாசலில், இரண்டு கப்புக்கும் நடுவில் நின்றது.

அன்றைக்கு விடிந்த கையோடு நானும் கமலேஸ்வரி அக்காவும் கச்சான் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தோம். கமலேசக்கா எனக்கு அயல். அயல் என்று சொன்னால் போதாது. என் மகள் வினோஜா பிறந்தபோது என் ஊத்தைத் துணி தோய்த்தவ. என் வாய்க்கு இந்த ஊரில் பயப்படாத ஒரே ஆளும் அவதான். நான் யாரையாவது ஏசத் தொடங்கினால், "சரி சரி, சோடா உடைச்சுத் தரட்டோ" என்பா. அன்றைக்கும் அப்படி ஏதோ பகிடி சொல்லிக்கொண்டு ஒரு கொடியைப் பிடித்து இழுத்தா. அதற்குக் கீழே நாகபாம்பு கிடந்திருக்கிறது.

கொத்துப்பட்ட கையைக் கட்டாமல், ஆட்டாமல், ஒரு தடியோடு சேர்த்து வைத்துக்கொண்டு அவவின் புருசன் வீரபாகு அண்ணைக்குப் போன் எடுத்தேன். அவர் சந்தியில் அரிசி மில்லில் வேலை. விடிய முதல் ஆளாகப் போகிறவர், ஆகவே அவருடைய பைக் கொட்டிலின் மூலைக்குள் நிற்கும். உடனே வாறன் என்றார். ஊரில் வேறு ஒரு பைக்கும் இல்லை, எல்லாம் கொட்டிலில். கமலேசக்காவை மெல்ல ரோட்டுக்குக் கொண்டுவந்து மரநிழலில் என் மடியில் சாய்த்து வைத்தேன். முதலில் கதைத்துக்கொண்டுதான் இருந்தா. சோறு அடுப்பில் கிடக்கு, இறக்கிவிடு என்றா. பிறகு கண்மடல் விழத் தொடங்கியது. நாக்குத் தடித்து, சொல்வது எனக்கு விளங்காமல் போனது. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வீரபாகு அண்ணையை என் வாய்க்கு வந்தபடி ஏசினேன். எங்கே போய்த் துலைந்தான் இந்த மனுசன், பெண்சாதி சாகக் கிடக்கிறாள், ஆடி அசைந்து வாறானோ என்று.

வீரபாகு அண்ணைக்கு இடது கை தோளுக்கு மேலே எழும்பாது. சண்டைக்காலத்தில் பட்ட செல் துண்டு. அந்தக் கையோடு மற்றவர்களின் பைக்குகளை ஒவ்வொன்றாக உருட்டி விலத்தியிருக்கிறார். அது பழக்கப்பட்ட வேலை, லொக் இல்லாத பைக் ஒற்றைக் கைக்கும் உருளும். வாசலில் நின்ற கடைசிப் பைக் மட்டும் உருளவில்லை. முன்சில்லு திரும்பி நின்ற பக்கம் கப்போடு கொளுவிக்கொண்டு நின்றது. இழுத்தார், உதைத்தார், சேற்றுக்குள் விழுந்தார். என் மனுசனுக்குப் போன் எடுத்தார். காட்டுக்குள் ஓடுகிற பஸ்ஸுக்குள் எங்கே சிக்னல்? பிறகு மில்லுக்கே திரும்பி ஓடி, அங்கே மூட்டை தூக்குகிற சதீஸைக் கூட்டிக்கொண்டு வந்தார். சதீஸ் தூக்கி எறிந்த பிறகுதான் வழி கிடைத்தது.

அவர் வந்து சேர்ந்தபோது உடம்பெல்லாம் சேறு, விரல் நுனியெல்லாம் இரத்தம். லொக் போட்டுக் கிடந்தது என்று மட்டும் சொன்னார். "ஆர் போட்டவன்? அவன் நாசமாய்ப் போக, அவன் வீடு வந்து சேரான்" என்று கத்தினேன். வீரபாகு அண்ணை ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். கமலேசக்காவை நடுவில் இருத்தி, நான் பின்னால் ஏறிப் பிடித்துக்கொண்டு போனோம். மதகில் பலகையைக் கடக்கும்போது அவவின் தலை என் தோளில் பாரமாக விழுந்தது. சந்திக்குப் போகமுதலே முடிந்துவிட்டது. நான் அதை வீரபாகு அண்ணைக்குச் சொல்லாமல் ஆஸ்பத்திரி வரைக்கும் பிடித்துக்கொண்டு போனேன்.

பின்னேரம் என் மனுசன் பஸ்ஸால் இறங்கியபோது, தன்னுடைய பைக் வெளியே சேற்றுக்குள் விழுந்து கிடப்பதைக் கண்டு, எவன்டா இழுத்து விழுத்தினவன் என்று சத்தம் போட்டிருக்கிறார். தேத்தண்ணிக் கடைக்காரர்தான் கூட்டிக்கொண்டு போய் இருத்திச் சொன்னது. பிறகு ஆஸ்பத்திரி வாசலில் என் முன்னால் வந்து நின்று, கை தானாய்ப் போட்டிட்டுது சுதா, கை தானாய்ப் போட்டிட்டுது என்று அதையே சொன்னார். அப்போதுதான் நான் காலையில் யாரைச் சபித்தேன் என்று எனக்கு விளங்கியது.

செத்தவீட்டில் ஒருவரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது. நாலு பேர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் நானும் இடையில் புகுந்து கத்தியிருப்பேன், எல்லாரும் அழுதிருப்போம், ஒரு முடிவு வந்திருக்கும். வீரபாகு அண்ணை கதிரையில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். இவர் பந்தலுக்குள் வராமல் ரோட்டில் நின்று, வருகிறவர்களின் பைக்குகளை வாங்கி வரிசையாக விட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நாள் மெக்கானிக்கிடம் போய்த் தன்னுடைய பைக்கின் லொக்கைக் கழற்றி எறிந்துவிட்டார். அந்த இடத்தில் இப்போது ஒரு ஓட்டை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து அவர் திரும்ப வேலைக்குப் போனார். அதிலிருந்துதான் பிந்தி வரத் தொடங்கினார். ஊர் பைக்குகள் எல்லாம் சத்தம் போட்டுக்கொண்டு வந்து, அவரவர் வீட்டுப் படலைக்குள் புகுந்து, அடுப்பெரித்துச் சாப்பாடும் ஆன பிறகு, ஒற்றைச் சத்தம் ஒன்று தூரத்தில் கேட்கும். அது வரைக்கும் நான் படலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கேட்டால் பஸ் பிந்திப்போச்சு என்பார். மற்றவர்கள் வந்த பஸ் எது, பறக்கிற பஸ்ஸோ? முதலில் அவரோடு சண்டை பிடித்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடாமல் படுப்பார். சுவரோடு சண்டை பிடிக்கலாம், அது எதிரொலிக்கவாவது செய்யும்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மருந்து எடுக்கச் சந்திக்குப் போனபோது கொட்டிலைப் பார்த்தேன். பார்த்த இடத்திலேயே என் கால் நின்றுவிட்டது. வழமை போல் பைக்குகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. இவருடையது மட்டும் ஓரத்தில் தனியாக. இரண்டு பக்கமும் பாய் விரித்துப் படுக்கிற அளவுக்கு இடம் வெறுமையாகக் கிடந்தது. உள்ளே இடம் இருக்க, நாலைந்து பேர் தங்கள் பைக்கை வெளியே கொதிக்கிற வெயிலில் விட்டிருந்தார்கள். சீற் வெடித்தாலும் பரவாயில்லை, இவருக்குப் பக்கத்தில் விடமாட்டார்களாம். அட பாவிகளே என்று அங்கேயே நின்று கத்தினேன். கேட்க ஆள் இல்லை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். ஏசமாட்டார்கள், அடிக்கமாட்டார்கள், நல்ல சனமல்லவா. பக்கத்தில் பைக் விடமாட்டார்கள், அவ்வளவுதான். பின்னேரத்திலும் அவர் வரமுதல் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். ஆனை செய்யட்டும் மிச்சத்தை. அன்றிலிருந்து ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். அவரும் உங்களோடு சேர்ந்து கப்பு நட்டவர்தானே, ஒரு நாள் கை பிசகினதுக்கு ஆளைக் காட்டுக்குள் தனிய விடுவீர்களோ, உங்கள் வீட்டு ஆம்பிளை என்றால் இப்படிச் செய்வீர்களோ என்று கேட்டேன். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ என்றார்கள். சில பேர் நிலத்தைப் பார்த்தார்கள். பொன்னையா அண்ணையின் மனுசி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. குற்ற மனசு அழுகிறது என்று நினைத்து, அந்தக் கையையும் உதறிவிட்டு வந்தேன்.

வீரபாகு அண்ணை வீட்டுப் பக்கம் மட்டும் நான் போகவில்லை. எந்த முகத்தோடு போகிறது?

கடைசியில் நேரே கொட்டிலுக்கே போவது என்று முடிவெடுத்தேன். எல்லாரும் பஸ்ஸால் இறங்குகிற நேரம் வாசலில் குறுக்கே நின்றால் எந்தப் பைக் வெளியே போகும் என்று பார்ப்போம். வினோஜாவைப் பொன்னையா அண்ணை வீட்டில் விட்டேன். கோபம் வேறு, பிள்ளை வேறு. மத்தியானம் சாய்ந்ததும் என்னுடைய சைக்கிளை மிதித்துக்கொண்டு சந்திக்குப் போய், தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் இருந்தேன். ஏசுவதற்கு என்னென்ன வேண்டுமோ எல்லாவற்றையும் மனதுக்குள் அடுக்கி வைத்தேன்.

பஸ் வந்தது. இறங்கினார்கள். இவரும் பின்கதவால் இறங்கியதைக் கண்டேன். என்னைக் காணாமல் கடைக்குப் பின்பக்கத்தால் எங்கேயோ போனார். மற்றவர்கள் கொட்டிலுக்குப் போய் ஒவ்வொருவராகப் பைக்கை எடுத்தார்கள். நான் எழும்பிப் போகமுதல் எல்லாரும் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். சரி, இப்போது பறப்பார்கள் என்று பார்த்தால், ஒருவரும் பறக்கவில்லை. வரிசையாக நின்றார்கள். எஞ்சின் ஓடுகிறது, லைற் எரிகிறது, எல்லாத் தலையும் தேத்தண்ணிக் கடைப் பக்கம் திரும்பியிருக்கிறது. பொன்னையா அண்ணை ஹோர்ணை நீட்டி அடித்தார். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் அடித்தார்.

அடுக்கி வைத்த ஏச்செல்லாம் எனக்குக் குழம்பிப்போனது. ஆனாலும் போய் அவருக்கு முன்னால் நின்றேன். என்ன நாடகம் இது, பகலெல்லாம் பக்கத்தில் பைக் விடமாட்டீர்கள், இப்போது யாருக்கு ஹோர்ண் அடிக்கிறீர்கள் என்று கேட்டேன். பொன்னையா அண்ணை ஹெல்மெற்றைக் கழற்றினார். வெள்ளைத் தலை, வேர்வை. ஊரில் எல்லாருக்கும் மூத்தவர்.

"பிள்ளை, அது நாங்கள் விட்ட இடம் இல்லை. அவன் கேட்ட இடம்."

எனக்கு விளங்கவில்லை. அவர் மெல்ல மெல்லச் சொன்னார். அந்தியேட்டிக்கு அடுத்த நாள் எல்லாரும் வழமை போலத்தான் இவருடைய பைக்கோடு ஒட்டி விட்டார்களாம். பின்னேரம் இவர் ஒவ்வொருவருக்கும் முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, என்ர பைக்குக்குப் பக்கத்திலை ஒருத்தரும் விடாதேங்கோ, என்னாலை இன்னொருத்தருக்கு வழி மறிபடக்கூடாது என்று கேட்டாராம். அப்படி முடியாது என்று இவர்கள் மறுபடியும் பக்கத்தில் விட, இவர் தன்னுடையதை வெளியே எடுத்துப் பற்றைக்குள் விட்டாராம். அதற்குப் பிறகுதான் கேட்டபடி இடம் விட்டார்கள், நிழலிலாவது நிற்கட்டும் என்று. வீட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்றும் கும்பிட்டாராம். பின்னேரத்தில் இவர்கள் காத்து நிற்பார்களாம். இவர் கடைக்குப் பின்னால் இருந்து, எல்லாச் சத்தமும் காட்டுக்குள் போய் அடங்கிய பிறகுதான் வெளிக்கிடுவாராம். இரண்டு தரம் போய்க் கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லையாம்.

"என்ன கண்டறியாத கதை," என்றேன். "அவருக்கு ஆனையெண்டால் சரியான பயம். தனிய வருவாரோ?"

வரிசையின் கடைசியில் ஒரு எஞ்சின் நின்றது. வீரபாகு அண்ணை. அவரும் அங்கே நின்றார் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். பைக்கை விட்டு இறங்கி என்னிடம் வந்தார். கமலேசக்கா போன பிறகு நான் அவருடைய முகத்தை நேரே பார்த்தது அதுதான் முதல்தரம். அரைவாசி ஆளாக இருந்தார்.

"பயம் இல்லாமல் இல்லை, சுதா," என்றார். "கமலேஸ் போன கையோடை நானும் தனியத்தான் போனனான். வளைவிலை லைற்றை நூத்துப்போட்டு இருட்டுக்கை நிண்டனான். பொன்னையா அண்ணை கண்டிட்டுத் திரும்பி வந்து இழுத்துக்கொண்டு போனார். அதாலைதான் சொல்லுறன். அவன் எதுக்கு நிக்கிறான் எண்டு எனக்குத் தெரியும்."

நான் அவருடைய கையைப் பிடித்தேன். அந்த எழும்பாத கையை. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கோ அண்ணை, அவரில பிழையில்லை எண்டு நீங்கள் சொன்னால் அவர் வருவார், வேறு யார் சொல்லியும் கேளார் என்று கெஞ்சினேன். இவ்வளவு நாளும் ஊரெல்லாம் ஏறி இறங்கினேன், இந்த ஒரு படலையைத் திறந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்குமே என்று நினைத்தேன்.

"சொல்லிப்போட்டன்," என்றார். "எத்தினையோ தரம் சொல்லிப்போட்டன். நான் சொல்லச் சொல்லத்தான் அவன் தூரப் போறான். என்ர முகம்தானே அவனைக் கொல்லுது."

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. வரிசையில் பெண்பிள்ளைகளும் நின்றார்கள், கார்மென்ற்ஸ் வேலைக்குப் போய் வருகிற பிள்ளைகள். அவர்களை இதற்கு மேல் வைத்திருக்க முடியாது. பொன்னையா அண்ணை என்னைப் பார்த்தார். போங்கோ அண்ணை, நான் கூட்டிக்கொண்டு வாறன் என்றேன். வீரபாகு அண்ணை போக மனமில்லாமல் நின்றார். நீங்கள் நிண்டால் அவர் வெளியிலை வரார் என்று நானே சொல்லி அனுப்பினேன். ஒன்றன் பின் ஒன்றாகப் போனார்கள். சிவப்பு லைற்றுகள் மரங்களுக்குள் போய் மறைந்தன. சத்தம் கனநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அது அடங்கியதும் இவர் கடைக்குப் பின்னாலிருந்து வந்தார். என்னைக் கண்டதும் நின்றார். நான் ஏசுவேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும், தலையைக் குனிந்தார். எனக்கு ஏச ஒன்றும் வரவில்லை. என் சைக்கிளைக் கடையில் விட்டுவிட்டு வாறன், பின்னால் ஏத்துங்கோ என்றேன். ஏற்ற மனமில்லை அவருக்கு. கடைக்காரரிடம் கேட்டு இரவு நிண்டு விடியக் காலமை வெளிச்சத்தோடை வா என்றார். நான் ஏறி இருந்துவிட்டேன். இறக்கிப் பாருங்கோ என்றேன்.

மதகு தாண்டினோம். அவருடைய முதுகு எலும்பு என் கன்னத்தில் குத்தியது. எப்போது இவ்வளவு மெலிந்தார்? தினமும் நான்தானே சோறு போடுகிறேன். மகள் உங்களைக் கேட்கிறாள் என்று சொல்ல நினைத்தேன், நாளைக்கு மற்றவர்களோடு வாங்கோ என்று சொல்ல நினைத்தேன், என் வாயால் விழுந்த சாபம் போகட்டும் என்று கோயிலுக்கு நேர்ந்திருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். ஒன்றும் வாயை விட்டு வரவில்லை. ஊரையே உறுக்கிய வாய்.

கருங்காலி வளைவு வந்தது. வேகம் குறைந்தது. நான் பின்னால் இருப்பதையே மறந்துவிட்டார் போல. ரோட்டின் நடுவில் நிறுத்தி, எஞ்சினை நிற்பாட்டி, லைற்றை நூத்தார். குளத்துப் பக்கமிருந்து ஈரக் காற்று வந்தது. எங்கேயோ ஒரு கொப்பு முறிந்தது. அவருடைய முதுகு விறைக்கவில்லை, நடுங்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் போல நின்றார். பயந்தது நான்தான். அவருடைய சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஒவ்வொரு நாளும் இதிலைதான் நிக்கிறனீங்களோ?"

அப்போதுதான் நான் இருப்பது நினைவு வந்தது போல் திடுக்கிட்டுத் திரும்பினார். பொய் சொல்வார் என்று நினைத்தேன். பொய் சொல்லட்டும் என்று வேண்டினேன்.

"ஓம்," என்றார்.

"எவ்வளவு நேரம்?"

அதைப் பற்றி இதுவரை யோசிக்காதவர் போல, ஆனை இறங்குகிற பக்கம் பார்த்தார்.

"வடிவாய் இருட்டும் மட்டும் பாப்பன், சுதா. வராட்டில், வீட்டை வாறன்."